புளியடி என்றால் வெறும் முகவரியா?

திருகோணமலையில் ஒருவரிடம் வழி கேட்டால் பாதி வழி மரத்தின் பெயரில்தான் வரும். "புளியடியில இறங்கி வலப்பக்கம் திரும்புங்கோ" என்பார். இறங்கிப் பார்த்தால் புளியமரம் இருக்காது. ஒரு தொலைபேசிக் கடையும் முச்சக்கரவண்டித் தரிப்பிடமும் இருக்கும். மரம் போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், ஆனாலும் ஊர் அந்த இடத்தை மரத்தை வைத்துத்தான் கூப்பிடும். பாலையூற்று, ஆலங்கேணி, இலுப்பைக்குளம் என்று மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு மரம், பக்கத்தில் ஒரு தண்ணீர், அவ்வளவுதான் ஊர். முதலில் வந்து குடியிருந்தவர்கள் தேடியதும் நிழலையும் தண்ணீரையும்தானே.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மூதூர்ப் பக்கம் எங்கள் அம்மம்மாவின் வளவில் நிற்கும் ஒரு புளி. சண்டைக் காலத்தில் எல்லோரும் இடம்பெயர்ந்து, வருடங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது வேலி இல்லை, வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. பற்றை வளர்ந்து ஒழுங்கைகூடத் தெரியவில்லை. காணி உறுதி எப்போதோ எரிந்துவிட்டது. அம்மம்மா நிமிர்ந்து பார்த்துப் புளியைக் கண்டுபிடித்தார். அதன் அடியில் போய் நின்று, "இதில இருந்து கிழக்கால இருபது கவடு, அங்கதான் குசினி" என்றார். பற்றையை வெட்டித் தோண்டினோம். குசினித் தரை வந்தது.

பிறகு புது வீடு கட்ட அளக்க வந்தவர்கள் அந்த மரத்தை வெட்டச் சொன்னார்கள். கொப்பு முறிந்து கூரையில் விழுமாம். "மரம்தானே அம்மா, வேற ஒண்டு நடலாம்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வேறொன்று நட்டால் ஏன் ஈடாகாது என்பதை அன்று எங்களால் அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பதிலுக்கு ஒரு பெயர் உண்டு: மரபுரிமை மதிப்பு.

ஒரு மரத்துக்குப் பல மதிப்புகள் உண்டு. மர ஆலைக்காரர் சுற்றளவைப் பார்த்துக் கன அடிக் கணக்கில் ஒரு விலை சொல்வார். சுற்றுச்சூழல் தெரிந்தவர் அது தரும் நிழலையும், அதில் கூடு கட்டும் பறவைகளையும் சொல்வார். இந்த இரண்டு மதிப்பையும், கொஞ்சம் காலம் எடுத்தாலும், இன்னொரு மரத்தால் நிரப்பலாம். மரபுரிமை மதிப்பை அப்படி நிரப்ப முடியாது. இந்த மரத்தடியில், இந்த மண்ணில், இன்னார் இன்னது செய்தார்கள் என்ற தொடர்பிலிருந்து வருவது அது. தொடர்பு இந்த மரத்தோடு மட்டும் இருப்பதால், மரம் போனால் தொடர்பின் கண்கண்ட சாட்சியும் போய்விடும். முன்னோர் விட்டுப்போனது, நாம் காப்பது, பின்னால் வருபவர்களிடம் கொடுக்க வேண்டியது என்று ஒரு சமூகம் நினைப்பதைத்தான் மரபுரிமை என்கிறோம். அது கோயிலாகவோ குளமாகவோ மட்டும் இருக்க வேண்டுமென்றில்லை. மரமாகவும் இருக்கலாம்.

இந்த எண்ணம் வெளியிலிருந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். சங்க காலத்து அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. கடிமரம் என்றும் சொல்வார்கள். போரில் வென்றவன் முதல் வேலையாக அந்த மரத்தை வெட்டினான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி அதில் முரசு செய்ததாகப் பதிற்றுப்பத்து சொல்கிறது. வெறும் மரத்தை வெட்டுவதற்கு யாராவது படை திரட்டுவார்களா? அந்த மரத்தில் ஒரு குடியின் பெயர் இருக்கிறது என்று வெட்டியவனுக்கும் தெரிந்திருந்தது. கோயில்களின் தல விருட்சமும் இதே வழியில் வருவதுதான். திருகோணமலைக் கோணேசர் கோயிலின் தல விருட்சம் கல்லால மரம். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கட்டடம் இல்லாமல் போன காலத்திலும் மலையும் கடலும் மரமும் சேர்ந்து அந்த இடத்தைக் கோணமலையாகவே வைத்திருந்தன. இன்றும் அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலையின் விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளை வரம் வேண்டிச் சின்னஞ்சிறு தொட்டில்கள் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

மரபுரிமையை அளவிடும் வேலையில் உலகம் முழுவதும் உதவியாகக் கொள்ளும் ஒரு ஆவணம் இருக்கிறது. தென் ஒஸ்திரேலியாவில் பர்ரா என்ற சிறு நகரில் 1979இல் ஏற்றுக்கொள்ளப்பட்டதால் அதைப் பர்ரா சாசனம் என்பார்கள். பின்னர் சில தடவை திருத்தினார்கள். ஒரு இடத்தின் மதிப்பை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று ஐந்து பக்கத்தால் பார்க்கச் சொல்கிறது அது. இந்த ஐந்தும் ஒரே மரத்தில் இருக்க வேண்டியதில்லை. சுவாமி மலை மரத்துக்கு ஆன்மிகமும் சமூகமும் பலம். கோட்டைக்குள் மான்கள் படுத்துக்கிடக்கும் ஆலமரங்களைப் பார்த்தால் அழகு என்று வாய் தானாகச் சொல்லும். எங்கள் வளவுப் புளிக்கு அழகு குறைவு. கச்சான் காற்று அடித்தடித்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் பலம் சமூகம். அது எந்தக் குடும்பத்துக்கு எங்கே வீடு இருந்தது என்று தெரிந்த மரம்.

சரி, முதல் குடியேறியவர்களோடு, அல்லது வெளியிலிருந்து வந்தவர்களோடு தொடர்புடைய மரம் என்றால் எங்கள் மாவட்டத்தில் பலருக்கும் நினைவு வருவது மூதூர்தான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு வெளியே புயலில் அகப்பட்டு, பாய்மரத்தை இழந்தது ஆன் என்ற ஆங்கிலக் கப்பல். கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடியது. அதைத் திருத்துவதற்கும் கொஞ்சம் வியாபாரம் செய்வதற்கும் மூதூர்க் கரையில் உள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நட்பாகப் பேசிக் கரைக்கு அழைத்தார்கள். கப்பல் தலைவன் ஒரு புளியமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டான். அவனும் மகனும் உட்பட மொத்தம் 16 பேர் மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1893இல் அந்த இடத்தில் ஒரு கல் நட்டு, இது வெள்ளைக்காரன் மரம் என்று ஆங்கிலத்தில் பொறித்தார்கள்.

இந்த மரத்தை நான் நீளமாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மரபுரிமை மதிப்பு எப்படி உருவாகிறது, எங்கே வழுக்குகிறது என்ற இரண்டையும் ஒரே மரத்தில் பார்க்கலாம்.

முதலில், அதை மதிப்புள்ளதாக்கியது எழுத்து. பிடிபட்டவர்களில் மகன் றொபேர்ட் நொக்ஸ் 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் இருந்து, 1679இல் தப்பி, மேற்குக் கரையில் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் அவனுடைய நூல் வெளிவந்தது. அதில் புளியமரம் இருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தால் கொட்டியாரத்தின் நூறு புளிகளில் அதுவும் ஒன்று.

அடுத்தது, கல்லில் இருப்பது நொக்ஸ் என்ற ஒரு பெயர். கதையில் இருப்பவர்கள் இரண்டு பேர். கப்பல் தலைவனான தகப்பனின் பெயரும் றொபேர்ட் நொக்ஸ்தான். மரத்தடியில் பிடிபட்டவர் தகப்பன். அவர் ஒரு வருடத்துக்குள் காய்ச்சலில் செத்துப்போனார். 19 வருடம் இருந்தது மகன். கல்லை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுவார். ஒரு மரத்தைப் பற்றிப் பலகை வைக்கும்போது யார், எப்போது, என்ன செய்தார் என்பதை அவசரப்படாமல் சரிபார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மரத்தைவிடப் பலகைதான் அதிகம் வாசிக்கப்படும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிக முக்கியம். வெள்ளைக்காரன் மரம் என்று பெயர் வைத்தாயிற்று. ஆனால் அந்த வெள்ளைக்காரன் வந்து உட்கார்ந்த அன்று அங்கே ஏற்கனவே நிழல் இருந்தது. வந்தவர்களோடு பண்டமாற்றுச் செய்யச் சனம் இருந்தது. மூதூர் என்ற பெயரைப் பாருங்கள்: முது ஊர், மூத்த ஊர். புளியின் தாயகம் ஆபிரிக்கா. மிகப் பழங்காலத்திலேயே இந்தப் பக்கத்துக்கு வந்து, நம் மீன்குழம்போடு கலந்துவிட்டது. அப்படியென்றால் அந்த மரத்தையோ அதன் தாய்மரத்தையோ யாரோ விதை போட்டு வளர்த்திருக்க வேண்டும், அல்லது முளைத்ததை வெட்டாமல் விட்டிருக்க வேண்டும். அந்த ஆளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. என்னைக் கேட்டால் மரத்தின் பெரிய மதிப்பு அங்கேதான் இருக்கிறது. நொக்ஸ் வந்து போன கதை அதன் மேல் படிந்த இன்னொரு அடுக்கு.

ஆகவே முதல் குடிகள் என்ற சொல்லைக் கையாளும்போது நிதானம் வேண்டும். மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கத்திலும் கரையோர வேடர் சமூகம் இன்றும் வாழ்கிறது. தமிழ் பேசுகிறார்கள். காட்டோடும் கடலோடும் அவர்களுக்குள்ள உறவு மற்ற எல்லோருடைய உறவையும்விடப் பழையது. குளக்கோட்டன் சோழநாட்டிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து கோயில் தொழும்புக்கு வைத்ததாகக் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் பேசுகிறது. தானத்தார், வரிப்பத்தார் என்ற பெயர்கள் அந்த வழியில் வந்தவை. தென்னமரவாடிக்காரர் தங்கள் ஊர்ப்பெயரைத் தென்னவன் மரபு அடி என்று பிரித்துச் சொல்வார்கள். கட்டைபறிச்சான் என்ற பெயரைக் கேட்டாலே, காட்டை வெட்டி, அடிக்கட்டையைப் பறித்து, நிலம் திருத்தியவர்களின் கை கண்ணுக்குத் தெரிகிறது. அவர்களுக்குப் பக்கத்திலேயே கடல்வழி வந்து தங்கிய முஸ்லிம் மக்களின் ஊர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் உண்டு. ஒரு பழைய மரத்தடியில் இந்த முதல்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றைக் காட்டுவதற்காக மற்றதை மூடினால் மரபுரிமை பாதியாகிவிடும்.

ஒஸ்திரேலியாவில் இதே பாடத்தைப் படித்த மரம் ஒன்று இருக்கிறது. அடிலெய்டுக்குப் பக்கத்தில் கிளனெல்க் என்ற கடற்கரையில், 1836 டிசம்பர் 28ஆம் திகதி, ஒரு யூக்கலிப்டஸ் மரத்தருகே தென் ஒஸ்திரேலியக் குடியேற்றம் பிரகடனம் செய்யப்பட்டது. வில்லாக வளைந்த அந்த மரம் எப்போதோ பட்டுப்போயிற்று. ஆனாலும் சீமெந்து பூசி, மேலே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அங்கே விழா எடுக்கிறார்கள். பட்ட மரத்துக்குக்கூட மரபுரிமை மதிப்பு இருக்கலாம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. அந்த நிலம் கௌர்னா மக்களுடையது என்பதும், பிரகடனம் அவர்களுக்கு இழப்பின் தொடக்கம் என்பதும் அதே மரத்தின் கதைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த மரம் முழுமையாகிறது.

இனி, ஒரு மரம் பழையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணும் முறையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கடுங்குளிர் வந்து போகும் நாடுகளில் அது நன்றாக வேலை செய்யும். வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக இராது. ஒரே ஆண்டில் இரண்டு மழை வந்தால் கணக்கும் குழம்பும். போதாததற்குக் கிழட்டு மரங்களின் நடு பெரும்பாலும் கோறையாகிவிடும், எண்ணுவதற்கு உள்ளே எதுவும் இராது. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம், அதாவது பாவோபாப், அப்படித்தான். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். சுற்றளவு 19.5 மீற்றர், 1477இல் நட்டது என்று அறிவித்திருக்கிறார்கள். அத்தகைய மரங்களுக்குச் சரியான வயது வேண்டுமென்றால் மரத்துண்டை எடுத்துக் கதிரியக்கக் கரிமச் சோதனை செய்ய வேண்டும், செலவான வேலை.

நட்ட காலம் எழுத்தில் இருப்பது மிக அரிது. அனுராதபுரத்து மகாபோதி கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நடப்பட்டது வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. மனிதன் நட்டு, நட்ட காலமும் தெரிந்த மரங்களில் உலகிலேயே பழையது அதுதான். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனாலும் சாட்சிகளைச் சேர்க்கலாம். பழைய காணி உறுதிகள், கோயில் கணக்குகள், நில அளவை வரைபடங்கள், குடும்பப் படங்களின் பின்னணி, மூத்தவர்களின் வாய்மொழி. ஒரு தாத்தா "நான் பொடியனா இருக்கேக்கயும் இது இந்தளவுதான்" என்று சொன்னால் அதுவும் சாட்சி. தனியாக நின்றால் பலமில்லை. ஒரு படமோ ஒரு உறுதியோ பக்கத்தில் வந்து நின்றால் பலம் வந்துவிடும்.

மரம் செத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றும் கேட்பார்கள். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹவுராவின் தாவரவியல் பூங்காவில் ஒரு ஆலமரம் இருக்கிறது. நோய் பிடித்ததால் 1925இல் அதன் நடு அடிமரத்தையே வெட்டி எடுத்தார்கள். விழுதுகளில் மரம் இன்றும் நிற்கிறது, ஒரு தோப்பைப் போல. சென்னை அடையாற்று ஆலமரம் 1989இல் காற்றில் சாய்ந்து, அதுவும் விழுதுகளால் பிழைத்தது. புளிக்கு விழுது கிடையாது. ஆனால் கொப்பை வெட்டி ஒட்டுக் கட்டிக் கன்று எடுக்கலாம். அப்படி எடுத்த கன்று உடம்பால் அதே மரம். விதையிலிருந்து வளர்வது அதன் பிள்ளை. பழைய மரம் உயிரோடு இருக்கும்போதே அதன் கன்றொன்றைப் பக்கத்தில் வளர்த்துவிடுவது நல்லது.

சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட சின்னங்களைப் பற்றிப் பேசுவது. குறிப்பிட்ட ஒரு மரத்தையும் வர்த்தமானியில் அறிவித்து அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவர அதில் இடம் உண்டு. ஆனால் எங்கள் மாவட்டத்தில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. அதனால்தான் முதல் பதிவை ஊரே செய்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயில் சபை, பள்ளிவாசல் சபை, சனசமூக நிலையம் யாரும் செய்யலாம். மரம் நிற்கும் இடம், இனம், சுற்றளவு, அதைப் பற்றிய கதை, கதையைச் சொன்னவரின் வயது, நாலு பக்கத்தாலும் படம். ஒரு கொப்பி போதும். பிறகு யார் வந்து கேட்டாலும் கையில் எழுத்து இருக்கும்.

காப்பாற்றுவதில் நாம் விடும் பெரிய பிழை அன்பினால் விடுவது. மரத்தடியில் பிள்ளையாரை வைப்போம். பிறகு அடியைச் சுற்றிக் கட்டு, கட்டின் மேல் சீமெந்து, சீமெந்தின் மேல் மாபிள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். மரத்தின் உணவு வேர்களில் பெரும்பங்கு மண்ணின் மேற்பகுதியில் அரை மீற்றர் ஆழத்துக்குள்தான் ஓடுகின்றன, கொப்பு விரிந்த அளவையும் தாண்டி. அந்த மண்ணுக்குக் காற்றும் மழையும் போகாமல் அடைத்தால் மரம் உடனே சாகாது. ஐந்து, பத்து வருடம் மெல்ல மெல்ல உச்சி காய்ந்து வரும். யாருக்கும் காரணம் தெரியாது. அடிமரத்தில் மண்ணைக் குவிப்பதும், சருகைக் கூட்டி அங்கேயே எரிப்பதும், தேர்தல் காலத்தில் பதாகைக்கு ஆணி அடிப்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கோறைக்குள் சீமெந்து நிரப்புவதும் வேண்டாம். முன்பு எல்லா இடமும் அப்படிச் செய்தார்கள். ஈரம் உள்ளே தங்கி அழுகல் கூடுகிறது என்று கண்டு இப்போது கைவிட்டுவிட்டார்கள். உதிர்ந்த இலை அடியிலேயே கிடக்கட்டும், அதுதான் உரம்.

அந்தக் கூரைப் பிரச்சினைக்கு வருகிறேன். புளி காற்றுக்கு எளிதில் முறியாத மரம். வீட்டுப் பக்கம் நீண்ட இரண்டு கொப்பை மட்டும், மாரி தொடங்க முன்னர், அறிந்தவரைக் கொண்டு வெட்டினோம். வீட்டின் அத்திவாரத்தை ஆறடி தள்ளிப் போட்டோம். அளந்தவர்கள் முதலில் முகம் சுளித்தாலும் பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

போன வைகாசியில் அதை அளந்தேன். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் கயிற்றைச் சுற்ற வேண்டும், பல நாடுகளில் அந்த உயரத்தில்தான் அளப்பார்கள். ஒரு முனையை நான் பிடிக்க, அடுத்த முனையோடு மகள் மரத்தைச் சுற்றி வந்தாள். 3 மீற்றர் 85 சென்ரிமீற்றர். கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியோடு எழுதிவிட்டு, கதை என்று போட்ட இடத்தில் அம்மம்மாவைச் சொல்லச் சொன்னோம். அவர் நட்டவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தன்னுடைய அம்மம்மா இதே மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடிய கொப்பு எது என்று கையைக் காட்டினார். தெற்குப் பக்கம், கீழிருந்து இரண்டாவது. மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.